நீலச் சுடர் நிறம் மாறும்போது

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளில் நோயாளியின் கையில் நாங்கள் ஒரு தாளைத் தருகிறோம். எந்த மாத்திரையை எந்த வேளையில் உட்கொள்வது, எந்த உணவைத் தவிர்ப்பது, மறுபரிசோதனைக்கு என்றைக்கு வருவது ஆகியவை அதில் எழுதப்பட்டிருக்கும். அத்தாளில் இடம்பெறாத சில கேள்விகளை எங்கள் செவிலியர் வாய்மொழியாகவும் கேட்கின்றனர். வீட்டில் சமைப்பது எந்த அடுப்பில்? குளிக்க வெந்நீர் எவ்வாறு காய்ச்சுகிறீர்கள்? நோயாளியின் கட்டில் அவற்றிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது? உடன் வந்த உறவினர்கள் வியப்போடு பார்ப்பார்கள். இதயத்துக்கு மருத்துவம் பார்க்க வந்த இடத்தில் அடுப்பைப் பற்றி ஏன் கேட்கிறார்கள் என்ற எண்ணம் அவர்கள் முகத்தில் தெரியும்.

காரணம் எளியது. சமையலறையில் எரிவாயு நாற்றம் வந்தால் நலமாக உள்ளவர் எழுந்து வெளியே போய்விடுவார். பக்கவாதத்தால் ஒரு கால் இயங்காதவரால் அது இயலாது. முதுமையில் மோப்பத்திறன் குறைகிறது. கொரோனா வந்து சென்ற பின் சிலருக்கு அது முழுமையாகத் திரும்பவில்லை. நீரிழிவால் பாத நரம்புகள் மரத்துப்போனவருக்கு வெந்நீர் சுடுவது தெரியாது. இதயக் குழாயில் அடைப்புள்ளவருக்கு இரத்தத்தில் ஆக்சிஜன் சற்றே குறைந்தாலும் நெஞ்சு வலிக்கலாம். மற்ற வீடுகளில் மாதக்கணக்கில் பொறுத்துக்கொள்ளப்படும் ஓர் அடுப்புப் பழுது, நோயாளி உள்ள வீட்டில் அன்றைக்கே கவனிக்க வேண்டிய ஒன்றாகிறது.

அப்பழுதுகளை எவ்வாறு கண்டறிவது, எவற்றை நீங்களே சரிசெய்யலாம், எவற்றில் கை வைக்கலாகாது என்பதை இங்கே எழுதுகிறோம். எரிவாயுவால் இயங்கும் கீசரைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

சுடரைப் பாருங்கள்

வீட்டுச் சிலிண்டரில் இருப்பது புரொப்பேன், பியூட்டேன் என்னும் வாயுக்களின் கலவை. அழுத்தத்தால் அதை நீர்மமாக்கி, ஒரு சிலிண்டருக்கு 14.2 கிலோ என்ற அளவில் அடைத்துத் தருகிறார்கள். இவ்வாயு ஒரு பங்கு முழுமையாக எரிய ஏறத்தாழ 25 முதல் 30 பங்கு காற்று வேண்டும். அதில் ஒரு பகுதி, பர்னருக்குக் கீழே உள்ள திறப்பின் வழியே நுழைந்து எரிவாயுவுடன் முன்னதாகவே கலந்துவிடுகிறது. எஞ்சியதைச் சுடர் தன்னைச் சுற்றியுள்ள காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. கலவை சரியாக அமைந்தால் சுடர் நீலமாக, அடங்கிய ஒலியோடு, பர்னரின் துளைகளை ஒட்டி நிற்கும். காற்று போதாதபோது எரியாமல் எஞ்சும் கரித்துகள்கள் சூடேறி ஒளிர்கின்றன. அப்போது சுடர் மஞ்சளாக நீண்டு அசையும். பாத்திரத்தின் அடி கருக்கும். புதிய பாத்திரம் ஒரே மாதத்தில் கருத்துவிட்டதென்று கடைக்காரரைக் குறை கூறும் வீடுகளில், பழுது பெரும்பாலும் அடுப்பில்தான் இருக்கும்.

மஞ்சள் சுடருக்கு மிகப் பொதுவான காரணம், பொங்கி வழிந்த பாலும் கஞ்சியும் பர்னரின் துளைகளில் காய்ந்து அடைத்துக்கொள்வது. இதை நீங்களே சரிசெய்யலாம். ரெகுலேட்டரை மூடி, பர்னர் முழுவதும் ஆறிய பின் அதை எடுத்து, சோப்பு கலந்த வெந்நீரில் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் தூரிகையால் தேய்க்க வேண்டும். அடைப்பட்ட துளைகளை மெல்லிய ஊசியால் நீக்கலாம். ஆணியைச் செலுத்தித் துளையைப் பெரிதாக்கிவிடலாகாது. பித்தளை பர்னரைப் புளியால் விளக்கும் வழக்கம் நல்லதே, புளியின் நார் துளைக்குள் தங்காதவரை. பிறகு நன்கு உலர்த்தி, அதற்குரிய பள்ளத்தில் சரியாக அமரும்படி வைக்க வேண்டும். ஈரம் உலராத பர்னரிலும், ஒரு பக்கம் சாய்ந்து அமர்ந்த பர்னரிலும் சுடர் ஒழுங்காக எரியாது.

சுடரில் உப்புத் துகள் விழுந்தால் ஒரு கணம் மஞ்சள் தெறிக்கும். சிலிண்டர் தீரும் தறுவாயிலும் சுடர் சற்றுச் சிவந்து தோன்றுவதுண்டு. இவற்றுக்காக அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் பர்னரைத் தூய்மை செய்த பின்னும், புதிய சிலிண்டர் பொருத்திய பின்னும் மஞ்சள் நீங்கவில்லையெனில், பழுது உள்ளே இருக்கும் ஜெட்டிலோ காற்றுத் திறப்பிலோ இருக்கிறது. அதை அடுப்பு பழுதுபார்ப்பவரிடம் விட்டுவிடுங்கள். ஜெட்டின் துளை மிக நுண்ணியது. வீட்டு ஊசியால் அதைக் குடைந்தால் அளவுக்கு மீறிய எரிவாயு வெளிவந்து, சுடர் முன்னிலும் மோசமாகும்.

வேறு இரு அறிகுறிகளும் உண்டு. சுடர் பர்னரை விட்டு எழும்பி, இடைவெளி தெரியுமாறு இரைச்சலோடு எரிந்தால், காற்றோ வாயுவின் அழுத்தமோ மிகுந்திருக்கிறது எனக் கொள்ளலாம். பற்றவைத்தவுடன் "டப்" என்ற ஒலியோடு சுடர் உள்வாங்கி, பர்னருக்குக் கீழே எரியத் தொடங்கினால், அது இன்னும் கவலைக்குரியது. உடனே குமிழைத் திருகி அணைத்துவிட வேண்டும். சிறிது நேரம் ஆறவிட்டு மீண்டும் பற்றவைக்கும்போதும் அவ்வாறே நேர்ந்தால், பழுது பார்க்கும்வரை அந்த பர்னரைப் பயன்படுத்தாதீர்கள்.

சுடர் சிறுத்து எரியும்போது சிலிண்டரைச் சாய்த்து வைப்பதும், வெந்நீர்த் தொட்டியில் நிறுத்துவதும், குலுக்கிப் பார்ப்பதும் பல வீடுகளில் இன்றும் நடக்கின்றன. சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். சாய்த்தால் வாயுவுக்குப் பதிலாக நீர்மமே ரெகுலேட்டருக்குள் புகுந்து, அடுப்பில் தீ சீறிப் பாயக்கூடும். மீதமிருக்கும் கால் கிலோ எரிவாயுவுக்காக இத்துணை இடரை யாரும் ஏற்க வேண்டியதில்லை.

நாற்றம் வந்தால்

சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் மணம் ஏதும் இல்லை. கசிவை உணர்வதற்காகவே மெர்கேப்டன் என்னும் துர்நாற்றமுள்ள வேதிப்பொருளை மிகச் சிறிதளவு அதனுடன் சேர்க்கிறார்கள். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1937 மார்ச் 18 அன்று நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளிக்கூடத்தில், மணமற்ற இயற்கை எரிவாயு யாரும் அறியாமல் கசிந்து வெடித்து ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். பெரும்பாலோர் பிள்ளைகள். அதன் பின்னரே எரிவாயுவுக்கு நாற்றமூட்டுவது அங்கே சட்டமாயிற்று.

இந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே எழாமல் தரையில் படர்ந்து, மேடைக்கு அடியிலும் மூலைகளிலும் தேங்கும். காற்றில் ஏறத்தாழ 2 விழுக்காடு கலந்தாலே ஒரு சிறு பொறி போதும், தீப்பற்றிவிடும். தரையில் பாய் விரித்துப் படுக்கும் முதியவர் இருக்கும் வீட்டில் இதை எண்ணிப் பாருங்கள். நிற்பவர் மூக்குக்கு எட்டும் முன்னரே வாயு அவரைச் சூழ்ந்திருக்கும்.

நாற்றம் உணர்ந்தால் மின்விளக்கின் சுவிட்சைப் போடவும் வேண்டா, அணைக்கவும் வேண்டா. மின்விசிறிக்கும் புகை வெளியேற்றும் விசிறிக்கும் இதுவே விதி. சுவிட்சுக்குள் எழும் பொறி கண்ணுக்குத் தெரியாது. அடுப்பின் குமிழையும் ரெகுலேட்டரையும் மூடி, கதவு சன்னல்களை அகலத் திறந்து, நோயாளியை வெளியே கொண்டுபோக வேண்டும். எழுந்து நடக்க இயலாதவரைப் போர்வையோடு இழுத்துச் செல்லலாம். சக்கர நாற்காலியைத் தேடி நேரத்தை இழக்க வேண்டா. பூசையறை விளக்கு எரிகிறதா என்பதையும் எண்ணிப் பாருங்கள், பலர் அதை மறந்துவிடுகின்றனர். வெளியே வந்த பிறகு கைப்பேசியில் 1906 என்ற எண்ணை அழையுங்கள். எரிவாயுக் கசிவுக்கென்றே நாள் முழுவதும் இயங்கும் அவசர எண் அது. தீப்பற்றியிருந்தால் 101 அல்லது 112.

கசிவு எங்கிருந்து வருகிறது? சிலிண்டர் வாயில் உள்ள சிறு ரப்பர் வாஷர் தேய்ந்திருப்பதாலோ காணாமற்போயிருப்பதாலோ பெரும்பாலும் நேர்கிறது. அடுத்த இடம் ரப்பர் குழாய்க்கு. அடுப்பின் சூடு படும் இடத்திலும், ரெகுலேட்டரில் மாட்டியிருக்கும் முனையிலும் அது வெடிக்கத் தொடங்கும். எலி கடித்த குழாய்களும் உண்டு. சோப்பு நீரை விரலால் தொட்டுப் பூசினால் கசியும் இடத்தில் குமிழிகள் எழும். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிட வேண்டும். வெடித்த குழாயில் நாடாவைச் சுற்றி ஒட்டுவதும், துண்டை வெட்டிவிட்டு மிச்சத்தை இழுத்து மாட்டுவதும் தீர்வாகா. உள்ளே எஃகுக் கம்பி வேய்ந்த செம்மஞ்சள் நிறக் குழாயை எரிவாயு முகமைகளே விற்கின்றன. அதன் நீளம் ஒன்றரை மீட்டருக்கு மேற்படலாகாது. 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும். வெளிப்பார்வைக்குப் புதிதாக இருக்கிறதென்று எட்டாம் ஆண்டிலும் வைத்திருப்போரைக் காண்கிறோம். குழாயின் மீது பெரும்பாலும் ஆண்டு அச்சிடப்பட்டிருக்கும், குனிந்து ஒருமுறை படித்துவிடுங்கள்.

புதிய சிலிண்டரைக் கொண்டுவரும் ஊழியரிடம், மூடியை அகற்றி வாஷர் இருக்கிறதா, கசிவு இருக்கிறதா எனப் பார்த்துத் தரும்படி கேளுங்கள். கேட்பதில் தயக்கம் வேண்டா. சிலிண்டரின் கழுத்துப் பகுதியில் உள்ள பட்டைகளில் ஒன்றின் உட்புறம் ஓர் எழுத்தும் இரண்டு எண்களும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன், சி என்றால் ஜூலை முதல் செப்டம்பர், டி என்றால் அக்டோபர் முதல் டிசம்பர். எண்கள் ஆண்டைக் குறிக்கும். அந்தக் காலம் கடந்திருந்தால் அச்சிலிண்டர் மறுசோதனைக்குப் போக வேண்டியது. மாற்றித் தரும்படி கேட்கலாம்.

குளியலறையில் மணமில்லாத நஞ்சு

இதுவரை சொன்ன இடர்களுக்கு நாற்றமேனும் முன்னறிவிப்பாக இருக்கிறது. இனிச் சொல்லப்போவதற்கு அதுவும் இல்லை.

மழைக்காலம் தொடங்கி மார்கழி, தை வரையிலான நாட்களில் எங்கள் அவசரச் சிகிச்சைப் பிரிவில் கேட்கும் கதை ஏறத்தாழ ஒரே வகையில் இருக்கும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போன பெண் நெடுநேரமாகியும் வெளியே வரவில்லை. கதவைத் தட்டியும் பதில் இல்லை. தாழ்ப்பாளை உடைத்துப் பார்த்தால் தரையில் கிடந்தார். கை கால் இழுத்தது. அல்லது வெறுமனே மயங்கிக் கிடந்தார். வெளியே தூக்கி வந்து சிறிது நேரத்தில் கண் விழித்துவிட்டார். வலிப்பு என்று ஒருவர் சொல்வார். வெறும் வயிற்றில் குளித்ததால் வந்த மயக்கம் என்று மற்றொருவர் சொல்வார். இரத்த அழுத்தம் என்பார் இன்னொருவர். குளியலறையில் எரிவாயு கீசர் ஓடிக்கொண்டிருந்தது என்பதை யாரும் தாமாகச் சொல்வதில்லை. நாங்கள் கேட்டால்தான் சொல்கிறார்கள், அதையும் ஒரு பொருட்டாகக் கருதாமல்.

எரிவாயு முழுமையாக எரிந்தால் உண்டாவது கரியமில வாயுவும் நீராவியும். காற்று போதாமல் அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, தொண்டையைக் கரகரக்கச் செய்வதுமில்லை. மூச்சோடு உள்ளே போய் இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையோடு பற்றிக்கொள்கிறது. ஹீமோகுளோபினோடு இவ்வாயு இணைவதைப் பிரெஞ்சு உடலியலறிஞர் கிளாட் பெர்னார்ட் 1857-ஆம் ஆண்டளவிலேயே விளக்கியிருந்தார். பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் இதை உணர்த்துவதற்காகக் கேனரிக் குருவிகளைக் கூண்டில் எடுத்துச் செல்லும் வழக்கம் 1986 வரை நீடித்தது. குருவி மயங்கி விழுந்தால் தொழிலாளர் வெளியேறிவிட வேண்டும். நம் குளியலறையில் அந்தக் குருவியின் இடத்தில் இருப்பவர் குளிப்பவரே.

எரிவாயு கீசர் நிமிடத்துக்கு ஐந்தாறு லிட்டர் நீரைச் சூடாக்குவதற்காகச் சமையல் பர்னரைப்போலப் பல மடங்கு எரிவாயுவை எரிக்கிறது. ஐந்தடிக்கு ஆறடி அளவுள்ள அறையில், குளிருக்கு அஞ்சிச் சன்னலையும் அடைத்துவிட்டால், சில நிமிடங்களிலேயே அங்குள்ள ஆக்சிஜன் குறையத் தொடங்கும். குறையக் குறையச் சுடர் அரைகுறையாக எரிந்து நஞ்சை மிகுவிக்கும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், கால்கள் துவளுதல் என்னும் வரிசையில் வந்து, எழுந்து கதவைத் திறக்க வேண்டும் என்று தோன்றும்போது எழ இயலாமற்போகிறது. இதனால் வலிப்பும் வரலாம். இந்திய நரம்பியல் மருத்துவர்கள் இத்தகையோரைப் பற்றி மருத்துவ இதழ்களில் எழுதி, கேஸ் கீசர் நோய்க்குறித் தொகுப்பு என்று பெயரும் இட்டுள்ளனர். குளிக்கும்போது மட்டுமே வரும் வலிப்புக்குத் தேவையின்றி நீண்ட காலம் மாத்திரை உண்ண நேரலாம் என்பதால், கீசரைப் பற்றிய கேள்வி எங்களுக்கு அத்துணை முதன்மையானது.

வீட்டில் பல்ஸ் ஆக்சிமீட்டர் வைத்திருப்போருக்கு ஓர் எச்சரிக்கை. விரலில் மாட்டும் அக்கருவி, ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினையும் கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினையும் பிரித்தறியாது. நஞ்சேறிய ஒருவருக்கும் அது 98 என்று காட்டக்கூடும். எண்ணைப் பார்த்து நிம்மதியடைந்து வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். உண்மையை அறிய மருத்துவமனையில் தனியே ஓர் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். வெளிக்காற்றில் இந்நஞ்சின் பாதி நீங்க நாலைந்து மணி நேரம் ஆகும்; முகமூடி வழியே முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒரு மணி நேரமோ சற்றுக் கூடுதலோ போதும். கண் விழித்துவிட்டாரே என்று விட்டுவிட்ட சிலருக்கு, நாட்கள் அல்லது வாரங்கள் கழித்து நினைவுக் குறைவும் நடைத் தடுமாற்றமும் தோன்றுவதுண்டு. கருவுற்ற பெண்ணாயின் தாமதமே கூடாது. தாய்க்கு வெறும் தலைவலியாக இருப்பது கருவிலுள்ள குழந்தைக்குப் பெருங்கேடாகலாம்.

கீசரின் பழுதுகளைப் பற்றிச் சொல்கிறோம். குழாயைத் திறந்ததும் "டிக் டிக்" என்ற ஒலி எழுந்து சுடர் வராவிடில், முதலில் பேட்டரிகளை மாற்றிப் பாருங்கள். பெரும்பாலான கீசர்களின் அடியில் உள்ள சிறு பெட்டியில் தடித்த இரண்டு பேட்டரிகள் இருக்கும். சிலிண்டர் தீர்ந்திருந்தாலும், புதிதாக மாற்றியபோது குழாயில் காற்று புகுந்திருந்தாலும் இவ்வாறு நேரும். ஒலியே எழாவிடில், நீரின் அழுத்தம் போதாமையும் காரணமாகலாம். மேல்நிலைத் தொட்டி தாழ்வாக இருக்கும் வீடுகளிலும், நீர் நுழையும் இடத்துச் சல்லடையில் மணலும் உப்பும் படிந்த வீடுகளிலும் இது பொதுவானது. எரிவாயுவையும் நீரையும் மூடிவிட்டுச் சல்லடையைக் கழுவி மாட்டலாம். சில கீசர்கள் 20 நிமிடத்தில் தாமாக அணையும். அது பழுதன்று, பாதுகாப்பு. அதை நீக்கித் தரும்படி பழுதுபார்ப்பவரிடம் கேட்போர் உண்டு. கேட்காதீர்கள், செய்து தருகிறேன் என்பவரையும் நம்பாதீர்கள்.

நீங்கள் கை வைக்கக் கூடாதவை வேறு. பற்றவைக்கத் தாமதமாகி, பிறகு பெரும் ஒலியோடு சுடர் எழுவது, பற்றுவதற்கு முன்னரே உள்ளே வாயு சேர்ந்துவிட்டது என்பதைக் காட்டும். முன்புறத் திறப்பு வழியே மஞ்சள் சுடர் தெரிவதும், மேல்மூடியில் கரி படிவதும், உள்ளிருக்கும் செப்புத் தகடுகளின் இடைவெளி தூசியாலும் கரியாலும் அடைந்ததன் அறிகுறிகள். இவற்றில் ஏதேனும் ஒன்று தென்பட்டாலும் அன்றே கீசரை நிறுத்திவிட்டு, அந்நிறுவனத்தின் பழுதுபார்ப்பவரை வரவழையுங்கள். அதுவரை அடுப்பில் வெந்நீர் காய்ச்சிக்கொள்ளலாம்.

சன்னலைத் திறந்து வைத்தால் போதாதா என்று கேட்கிறார்கள். திறந்த சன்னல் மூடிய சன்னலைவிட மேல்தான். ஆயினும் குளிர்நாளில் ஈரத் தலையோடு நிற்பவர் சன்னலைச் சாத்துவார் என்பதை எல்லோரும் அறிவோம். புகைபோக்கி உள்ள கீசரானால், குளியலறையின் விசிறி அந்தப் புகையை மீண்டும் உள்ளே இழுத்துவிடவும் கூடும். கீசரைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமுள்ள பால்கனியிலோ கொல்லைப்புறச் சுவரிலோ மாட்டி, வெந்நீரை மட்டும் குழாய் வழியே உள்ளே கொண்டுவருவதே உரிய தீர்வு. வாடகை வீட்டில் அது உடனே இயலாதெனில், கதவையும் சன்னலையும் திறந்து வைத்து வாளிகளில் வெந்நீரை நிரப்பி, கீசரை முற்றிலும் நிறுத்தி, சிறிது நேரம் காற்றோடவிட்ட பிறகு குளிக்கச் செல்லுங்கள். ஒருவர் பின் ஒருவராக வீட்டார் அனைவரும் குளிக்கும் தீபாவளி விடியலில் இது மிகவும் தேவை. கடைசியாகக் குளிப்பவருக்கு நஞ்சு மிகுந்திருக்கும். பெரும்பாலும் அவர் எல்லோரையும் குளிப்பாட்டிவிட்டுத் தாம் குளிக்கப் போகும் தாயாகவே இருக்கிறார்.

மயங்கிக் கிடப்பவரைக் காண நேர்ந்தால், கதவை அகலத் திறந்து, கீசரை நிறுத்தி, அவரை வெளிக்காற்றுக்கு இழுத்து வாருங்கள். உள்ளே சென்று முகத்தில் நீர் தெளித்துக்கொண்டு நிற்க வேண்டா, நீங்களும் அதே காற்றைத்தான் மூச்சு விடுகிறீர்கள். 108-ஐ அழையுங்கள். வந்தவரிடமும் எங்களிடமும் சொல்ல வேண்டிய முதற்செய்தி, கேஸ் கீசர் ஓடிக்கொண்டிருந்தது என்பதே. வீட்டில் மற்றவர்க்கும் அன்று தலைவலி இருந்ததா என்பதையும் சொல்லுங்கள்.

கரியும் சாம்பிராணியும்

இதே நஞ்சு கரித்தணலிலிருந்தும் வருகிறது. உதகையிலும் கொடைக்கானலிலும் பனிநாட்களில் கரியடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தி உறங்குவது உயிரைப் பறித்திருக்கிறது. புகை அடங்கிக் கனன்றுகொண்டிருக்கும் கரிதான் மிகுதியான கார்பன் மோனாக்சைடை வெளியிடுகிறது. புகை இல்லையே என்று எண்ணுவது பிழை. சமவெளியில் இதற்கு இணையானது, பிள்ளை பெற்றவளுக்கும் பச்சிளங்குழந்தைக்கும் மூடிய அறையில் சாம்பிராணி போடும் வழக்கம். பாட்டிமாரின் மனம் புண்படாமல் சொல்வதானால், தலையைத் துணியால் துவட்டி உலர்த்தினாலே போதும். ஒரு மாதக் குழந்தையின் நுரையீரலுக்குத் தணல் தட்டின் அருகாமை வேண்டா.

வீட்டில் ஆக்சிஜன் வைத்திருப்போர்க்கு

நுரையீரல் நோயாளிகள் பலர் இப்போது ஆக்சிஜன் செறிவூட்டியோடு வீட்டுக்குச் செல்கின்றனர். ஆக்சிஜன் தானாக எரிவதில்லை; ஆனால் எரியும் எதையும் பன்மடங்கு வேகமாக எரியச் செய்யும். கருவியையும் நோயாளியையும் அடுப்பு, விளக்கு முதலிய தீச்சுடர்களிலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளி வைத்திருங்கள். கொசுவர்த்திச் சுருளும் ஊதுபத்தியும் இதில் அடங்கும். மூக்கில் குழாயோடு சமையலறைக்குச் சென்று பாலைப் பார்த்துவிட்டு வருவது வேண்டவே வேண்டா. பயன்படுத்தாதபோது கருவியை அணைத்துவிடுங்கள். குழாயைத் தலையணை மீது ஓடவிட்டால் துணியிலும் போர்வையிலும் ஆக்சிஜன் ஊறித் தங்கும். மூக்கு வறண்டால் பெட்ரோலியம் ஜெல்லி தடவாதீர்கள். நீர்ச்சார்புள்ள களிம்பு எது என எங்கள் மருந்தாளுநரிடம் கேட்டறியலாம். இவ்வளவும் சொன்ன பின், அருகில் அமர்ந்து புகைபிடிப்பவரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை என நம்புகிறோம்.

மரத்துப்போன கால்களும் வெந்நீரும்

மின்சார கீசரில் நஞ்சு இல்லை, சூடு உண்டு. 60 பாகை வெப்பமுள்ள நீர் சில நொடிகளில் தோலை ஆழமாகச் சுட்டுவிடும். 50 பாகையில் அதற்குச் சில நிமிடங்கள் ஆகும், அதற்குள் காலை இழுத்துக்கொள்ளலாம், கால் உணர்ந்தால். நீரிழிவு நோயாளியின் நீரைப் பராமரிப்பவர் தம் முழங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். நோயாளியையே தொட்டுப் பார்க்கச் சொன்னால், இதமாக இருக்கிறது என்றே சொல்வார். வாளியில் இடும் மின்கம்பி ஹீட்டரானால், சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகே நீரில் கை வைக்க வேண்டும்.

சுட்டுக்கொண்டால் குழாய் நீரை 20 நிமிடம் ஓடவிட்டுக் குளிர்விப்பதே முதலுதவி. பனிக்கட்டி வேண்டா. பற்பசை, பேனா மை, மஞ்சள், இட்லி மாவு ஆகிய எதையும் பூசாதீர்கள். புண்ணின் ஆழத்தைக் கண்டறிய அவற்றை நாங்கள் முதலில் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கிறது, அது நோயாளிக்குப் பெரும் வேதனை. நீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே வளையல், மோதிரம், மெட்டி ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். சிறிது நேரத்தில் வீக்கம் கண்டுவிட்டால் அவற்றை வெட்டித்தான் எடுக்க நேரும். பிறகு தூய ஈரத்துணியால் தளர்வாக மூடி அழைத்து வாருங்கள்.